பஞ்சாங்கமும் மழைமானியும்

(மதுரையை அடுத்த கிராமமொன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், காலேஜில் வானிலை சாஸ்திரத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதாகும். இது காலேஜ்காரர்கள் சங்கதி, ஏர் பிடிக்கிறவனுக்கும் கடை வைத்திருக்கிறவனுக்கும் இதிலே என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது என்று காட்டத்தான் வந்தேன்.

நம் பக்கத்தில் திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் அநேகர். விதையை எந்த நாளில் போடுவது என்ற ஒரு கேள்வியில் அவர்கள் வீட்டின் ஒரு வருஷத்துச் சாப்பாடு அடங்கியிருக்கிறது. முதல் மழையை நம்பி விதைத்து, பிறகு இருபது நாள் வானம் ஏமாற்றினால், விதையும் போயிற்று, உழவுக் கூலியும் போயிற்று, வாங்கிய கடன் மாத்திரம் மிச்சம். இவ்வளவு பெரிய கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரத்தை நாம் யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்? சித்திரை முதல் தேதியில் பஞ்சாங்கம் வாசிக்கிறவரிடம்!

அவர் என்ன வாசிக்கிறார்? இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, பூமியில் இத்தனை பங்கு என்கிறார். எந்தப் பூமியில்? மதுரையிலா, மன்னார்குடியிலா? எந்த மாதத்தில்? ஒருவரும் கேட்பதில்லை. வருஷ முடிவில், “ஐயா, நீர் சொன்ன மரக்கால் வந்ததா?” என்று அளந்து பார்த்தவர் இந்தக் கூட்டத்தில் யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லை! தப்பென்று காட்டப்படாத சொல் சரியான சொல் ஆகிவிடுமா? யோசித்துப் பாருங்கள்.

சரி, பஞ்சாங்கக்காரரை விட்டுவிடுவோம். காலேஜில் படித்தவன் என்ன செய்தான்? என் சொந்த அனுபவத்தைச் சொல்லுகிறேன். நான் படித்த காலேஜில் வானிலைப் பாடம் இருந்தது. பீரோவுக்குள் பாரமானி ஒன்றும் இருந்தது, மழைமானி ஒன்றும் இருந்தது. மூன்று வருஷத்தில் அவற்றை நாங்கள் வெளியே பார்த்தது மூன்றே தடவைதான். அதாவது ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒரு தடவை. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மறுநாள் பூட்டிவிடுவார்கள். வெளியே ஐப்பசி அடைமழை கொட்டிக் கொண்டிருக்கும். உள்ளே நாங்கள் குளிர்தேசத்துப் புஸ்தகத்தைப் பார்த்து, பனிப்புயல் எப்படி உண்டாகிறது என்று உருப்போட்டுக் கொண்டிருப்போம். ஜன்னலை எட்டிப் பார்க்கச் சொன்ன உபாத்தியாயர் ஒருவர்கூட இல்லை. பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கினேன். ஆனால் என் தகப்பனார், “நாளை கடலை பிடுங்கலாமா?” என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். மந்திரத்தை உருப்போடுகிற புரோகிதருக்கும், பாடத்தை உருப்போட்ட எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவேதான் சொல்லுகிறேன், வானிலைப் பாடத்தை அன்றன்று வானத்தில் நடப்பதைக் கொண்டே சொல்லிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 1980களில் யூனிடேட்டா என்று ஓர் ஏற்பாடு செய்து, அன்றாட வானிலைக் கணக்கை அந்தந்த நேரத்திலேயே காலேஜ்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். இப்போது நமக்கும் குறைவில்லை. இந்திய வானிலை ஆராய்ச்சித் துறையின் நிலையங்கள் மூன்று மணிக்கொரு தரம் அளவெடுக்கின்றன. அவற்றில் ஒன்று மதுரை விமான நிலையத்தில் இருக்கிறது. இன்சாட் செயற்கைக்கோள் எடுக்கும் மேகப்படமும் ரேடார் படமும் உங்கள் சட்டைப்பையிலுள்ள செல்போனிலேயே காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனைமலைக்குப் பக்கத்தில், ஒத்தக்கடையில், 1965இல் ஏற்பட்ட வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. வேளாண்மை படிக்கும் பிள்ளைகளுக்கு வானிலை ஒரு பாடம். கருவியைப் பார்த்து அளவு குறிப்பது அதன் செய்முறை. அந்த முறை பூகோளம் படிக்கிறவனுக்கும், பௌதிகம் படிக்கிறவனுக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் ஏன் வரக்கூடாது?

இது கஷ்டமான வித்தை என்று பயப்பட வேண்டாம். முதல் கருவி உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. அது மண்பானை. சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. கார்த்திகையில் அதே பானையில் அவ்வளவு குளிர்ச்சி இல்லை. ஏன்? காற்று காய்ந்திருந்தால் பானையில் கசியும் நீர் சீக்கிரம் ஆவியாகி, உஷ்ணத்தைப் பிடுங்கிக் கொண்டு போகிறது. காற்றிலே முன்னமேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. இவ்வளவுதான். ஒரு வெப்பமானியை அப்படியே தொங்கவிட்டு, இன்னொன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி வைத்தால், அதுவே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி.

மதுரையில் ஒரு கோடை மத்தியானம் காய்ந்த வெப்பமானி 36 டிகிரியும், ஈரத்துணி வெப்பமானி 24 டிகிரியும் காட்டுவதாக வைத்துக் கொள்ளுங்கள். அட்டவணையைப் பார்த்தால், காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் 100க்கு 37 பங்குதான் இருக்கிறது என்றும், அந்தக் காற்று 19 டிகிரிக்குக் குளிர்ந்தால் பனி விழத் தொடங்கும் என்றும் தெரியும். 36க்கும் 19க்கும் வித்தியாசம் 17. டிகிரிக்கு 125 மீட்டர் வீதம் பெருக்கினால் 2125 மீட்டர். தரையிலிருந்து கிளம்பும் காற்று அந்த உயரத்துக்குப் போனால் மேகமாகும். அது ஏறக்குறையக் கொடைக்கானல் ஊர் இருக்கும் உயரம். ஆகவே அன்றைக்கு மேகத்தின் அடிவயிறு கொடைக்கானல் மட்டத்தில் நிற்கும் என்று, மேகம் உண்டாவதற்கு முன்பே சொல்லிவிடலாம். இதிலே தேவரகசியம் எங்கே இருக்கிறது? இரண்டு வெப்பமானி, ஒரு துண்டுத் துணி, ஒரு பெருக்கல். அவ்வளவே.

இன்னொரு பாடம். ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பீர்மேட்டு மழைக் கணக்கையும் மதுரை மழைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும். அங்கே கொட்டும், இங்கே புழுதிக்காற்று அடிக்கும். மேலைக்கடலிலிருந்து வரும் காற்று மலையேறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு வருகிறது. நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் கீழைக்காற்றோடுதான் வரவேண்டும். அந்தப் பக்கத்துத் தண்ணீரை, மலையைக் குடைந்து 1895இல் இந்தப் பக்கம் திருப்பிவிட்டது எந்த யாகம்? பென்னிகுக் என்ற எஞ்சினீயரும், அந்தக் காட்டில் காய்ச்சலில் செத்த கூலிக்காரர்களுமல்லவா?

அந்தப் பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர்தான் அன்னா மணி அம்மையார். சென்னை இராஜதானிக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லையென்று சொல்லி டாக்டர் பட்டத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, சீமையிலிருந்து வரவழைத்துக் கொண்டிருந்த கருவிகளை இந்த நாட்டிலேயே செய்ய வழி பண்ணி, துணைத் தலைமை இயக்குநராகி 1976இல் ஓய்வு பெற்றார். கருவிக்குக் குங்குமம் வைக்க மாத்திரம் பெண்ணைக் கூப்பிடுகிறவர்களுக்குச் சொல்லுகிறேன்: இந்தக் கருவிகளைச் செய்து காட்டியவரே ஒரு பெண்தான்!

புயல் பாடத்தையும் இப்படியே நடத்தலாம். 2018 நவம்பர் 16ந் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, திண்டுக்கல் பக்கமாக மேற்கே போயிற்று. அன்றைய ஒவ்வொரு ஊர்க் காற்றழுத்தத்தையும் காற்றின் திசையையும் படத்தில் குறிக்கச் செய்தால், புயல் நடந்து போன வழி மாணவன் கையாலேயே விழும். நம் பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடது கைப்பக்கம் அழுத்தக் குறைவு என்பது விதி. மேற்கேயிருந்து காற்றடித்தால் புயல் நமக்கு வடக்கே இருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்து கொண்டவன், எந்தத் தெய்வத்துக்குக் கோபம் என்று குறி கேட்கப் போவானா?

ரேடியோவில் “ஓரிரு இடங்களில் மழை பெய்யும்” என்றதும் நீங்கள் சிரிக்கிறீர்கள். அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பிரதேசத்தில் மழை அளக்கும் நிலையங்களில் 100க்கு 25 வரை மழை பெய்தால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 வரை சில இடங்கள். 75 வரை பல இடங்கள். அதற்கும் மேலே பெரும்பாலான இடங்கள். சொன்னது எது, நடந்தது எது என்று மறுநாள் காலை எட்டரை மணிக் கணக்கைப் பார்த்து எண்ணிவிடலாம். பஞ்சாங்கத்து மரக்காலை இப்படி எண்ண முடியுமா?

இதற்காக வானிலை ஆபீஸ் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 18ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. முன்னறிவிப்புப் போதுமா போதாதா என்று இரண்டு சர்க்கார்களும் வாதாடிக் கொண்டன. தப்பு நேர்வதுண்டு. ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? சாஸ்திரம் தன் தப்பைக் காகிதத்தில் எழுதி வைக்கிறது. அதைப் பார்த்து அடுத்தவன் திருத்துகிறான். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜனங்கள் லட்சம் லட்சமாக மாண்டார்கள். மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வியை எடுத்துக் கொண்டு, 1904இல் வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் உலகத்து ஊர்களின் கணக்கையெல்லாம் சேர்த்து ஆராய்ந்தார். பசிபிக் கடல் பக்கத்துக் காற்றழுத்தமும் இந்துமகா சமுத்திரத்து அழுத்தமும் தராசுத் தட்டுப் போல ஏறி இறங்குவதைக் கண்டார். அவரால் மழையைத் தவறாமல் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் எழுதி வைத்த கணக்கிலிருந்துதான் இன்று எல் நினோ என்று பேசப்படும் சங்கதி துலங்கிற்று. பஞ்சாங்கமோ அன்றும் மரக்கால், இன்றும் மரக்கால்! 2019இல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோதுகூட, மழைக்கு யாகம் செய்யும்படி கோயில்களுக்குச் சுற்றறிக்கை போயிற்றே தவிர, ஊருக்கொரு மழைமானி வைக்கும்படி போகவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. களை எடுக்கும்போது இடி இடித்தால் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்கிறீர்கள். அந்த நேரத்தில் அர்ச்சுனனைக் கூப்பிடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் உங்களைத் தொடும் தூரத்தில் இருக்கிறது. மரத்தடிக்குப் போகாதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்து வெளியே வாருங்கள். இந்த எண்ணிக்கை உயிரைக் காப்பாற்றும்.

முடிவாக, நான் சொன்னதையும் நம்ப வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்றை மரநிழல் படாத வெளியில் வையுங்கள். தினம் காலை எட்டரை மணிக்கு, காலேஜுக்குப் போகும் பிள்ளையை விட்டு அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். டப்பாவில் 25 மில்லிமீட்டர் நின்றால் உங்கள் ஏக்கருக்கு ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துக் கட்டத்தில் வானிலை ஆபீஸ் சொன்னதை எழுதட்டும். அதற்கடுத்த கட்டத்தில் பஞ்சாங்கம் சொன்னதை எழுதட்டும். ஒரு வருஷம் கழித்து நோட்டைத் திறந்து பாருங்கள். யார் சொன்னது எத்தனை தடவை பலித்தது என்று உங்கள் பிள்ளையின் கையெழுத்தே சொல்லும். அதைப் பார்த்த பிறகு எதை வைத்துக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.