பயணம் சொல்லுதல்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் 'வெளிக்கிடுதல்' என்று ஒரு சொல் உண்டு. உடுத்து ஆயத்தமாவதும் வெளிக்கிடுதல்தான். வீட்டை விட்டுப் புறப்படுவதும் வெளிக்கிடுதல்தான். "பிள்ளை வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டால், உடுப்பு மாற்றியாயிற்றா என்பதும் அதன் பொருளாகலாம், படலையைத் தாண்டியாயிற்றா என்பதும் பொருளாகலாம். ஆயத்தத்தையும் புறப்பாட்டையும் ஒரே சொல்லால் குறித்த எங்கள் முன்னோர் இன்னொரு தொடரையும் வழங்கினர். அது 'பயணம் சொல்லுதல்'. தூர இடம் போக இருப்பவர், நாலைந்து நாள் முன்னதாக இனத்தவர் வீடுகளுக்கும் அயல் வீடுகளுக்கும் சென்று, இன்ன நாள் போகிறேன், இன்ன நாள் வருவேன் என்று சொல்லி விடைபெற்று வருவார். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தம் செய்வதுபற்றி இன்று பேச வந்த நான், இந்தச் சொல்லிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

வடமராட்சியாருக்குக் கடல் கடத்தல் புதிதன்று. எங்கள் கரவெட்டிக்கு அயலிலுள்ள வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதிற் சென்றனர். 1938 ஆம் ஆண்டில் அக்கப்பல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய பயணத்துக்குப் பாயும் கயிறும் தண்ணீரும் அரிசியும் எவ்வளவு கணக்காக ஏற்றப்பட்டிருக்க வேண்டும்! ஆனால் மரக்கலத்தில் ஏற்ற முடியாத ஒன்றும் உண்டு. அது கரையில் நிற்பவர்களின் மனம்.

பழந்தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பொருள் தேடிப் பிரியும் தலைவனைப் பாடிய பாலைத்திணைப் பாடல்களில், அவன் தன் பயணத்தை வாய்திறந்து சொல்லுமுன்பே தலைவி அறிந்துகொள்கிறாள். அவனுடைய முகமும் நடமாட்டமும் வழக்கத்துக்கு மாறான அன்பும் அவளுக்குச் செய்தி சொல்லிவிடுகின்றன. அகநானூற்றின் ஐந்தாம் பாடலில், பாலை பாடிய பெருங்கடுங்கோ ஒரு காட்சியைக் காட்டுகிறார். தலைவி எதுவும் பேசவில்லை. மகனை அணைத்து, அவன் தலையிற் சூடிய பூவை மோந்து பெருமூச்செறிகிறாள். அம்மூச்சின் வெம்மையால் பூ நிறம் கெடுகிறது. அதைக் கண்ட தலைவன் பயணத்தை நிறுத்திவிடுகிறான்.

இவ்வாறு தயங்கி நிற்பதற்கு இலக்கணத்தார் வைத்த பெயர் 'செலவழுங்கல்'. செலவு என்பது பயணம். இங்கே தொல்காப்பியர் கற்பியலில் நுட்பமான ஒரு விளக்கம் தருகிறார். தலைவன் இடையில் நின்றுவிடுவது போகாமல் விடுவதற்காக அன்று. வீட்டிலிருப்பவளைத் தேற்றி, அவள் மனத்தை உறுதிப்படுத்திய பின் போவதற்காகவே என்பது அவர் கருத்து. வகுப்பில் இச்சூத்திரத்தைப் பல வருடங்களாகப் படிப்பித்து வந்திருக்கிறேன். பரீட்சைக்கு வரக்கூடிய வினா என்று மாணவருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆயினும் அதன் பொருளை எனக்குப் படிப்பித்தவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் தாயார்.

1993 ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டுச் சனங்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்துகொண்டிருந்த காலம். அண்ணாவை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்று ஐயாவும் மாமாவும் முடிவு செய்தனர். அம்மா தாங்கமாட்டார் என்று அவருக்கு மட்டும் சொல்லவில்லை. இரண்டு சேட், ஒரு சாரம், பொலித்தீனிற் சுற்றிய பிறப்புச் சான்றிதழ், காற்சட்டை மடிப்பினுள் வைத்துத் தைத்த காசு என எல்லாம் ஒழுங்காக இருந்தன. கொடிகாமத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணா சைக்கிளில் ஏறினார். அவர் வவுனியாவைக் கடந்துவிட்டார் என்ற செய்தி வந்த பிறகுதான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னார்கள்.

அம்மா அழுது புரளவில்லை. "சொல்லியிருந்தால் நான் மறிச்சிருப்பனோ? ஒருவாய் சோறு தீத்தி அனுப்பியிருப்பன்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் யாராவது உடுப்பு மடித்தால் அம்மா கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அன்பினால் மறைப்பது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. கணித மேதை இராமானுஜன் 1914 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆம் திகதி சென்னையிலிருந்து கப்பலேறினார். அதற்குமுன் குடுமி கத்தரிக்கப்பட்டது. மேல்நாட்டு உடை தைக்கப்பட்டது. முள்ளும் கரண்டியும் பிடித்து உண்ணவும் அவர் பழக்கப்பட்டார். ஆனால் அந்தக் கோலத்தில் தாயும் மனைவியும் தம்மைக் காணக்கூடாதென்று அவர்களை முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். கப்பல் புறப்பட்டபோது அவ்விருவரும் துறைமுகத்தில் இல்லை. ஐந்து வருடங்களின் பின், 1919 இல், அவர் நோயாளியாகவே திரும்பி வந்தார். மறுவருடம் ஏப்ரலில் மறைந்தார். அவருடைய தயக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. போகிறவருக்கு ஆயிரம் ஆயத்தங்கள் நடந்த ஒரு பயணத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆயத்தம் நடந்தது என்றே எண்ணிப் பார்க்கிறேன்.

2023 ஆம் ஆண்டு அதே கேள்வி என் முன்னால் வந்து நின்றது. ரொறன்ரோவிலுள்ள அண்ணாவுக்கு இருதய சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள். "நீ ஒருக்கா வந்து பக்கத்திலை நில். அம்மாவுக்குச் சொல்லாதை" என்றார் அண்ணா. நானும் ஒப்புக்கொண்டேன்.

ஆயத்தங்களில் நான் குறைவைக்கவில்லை. கடவுச்சீட்டு காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் என் தகப்பனார் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, விசாவுக்கு விண்ணப்பிக்குமுன் அதற்குரிய சத்தியக் கடதாசியை முடித்துக்கொண்டேன். அரசாங்க ஆசிரியர் நாட்டை விட்டு வெளியே செல்ல 'பொது 126' என்ற விடுமுறைப் படிவம் நிரப்ப வேண்டும். அதனை அதிபர் ஊடாக நேரகாலத்துடன் அனுப்பினேன். கைவிரல் அடையாளம் கொடுக்கக் கொழும்புக்குப் போய்வந்தேன். அண்ணாவின் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திராமல் கடதாசியிலும் எழுதிக்கொண்டேன். கையோடு வைத்திருப்பதற்கு ஓர் உறை, அதிலுள்ளவற்றின் பிரதிகளைப் பெட்டியினுள் வைப்பதற்கு இன்னோர் உறை என இரண்டு உறைகள் ஆயத்தமாயின.

கொழும்புப் பயணத்தை ஆசிரியர் பயிற்சி என்று அம்மாவிடம் சொன்னேன். விசா வந்து பத்து நாளாகியும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் வந்து நின்றார்.

"தம்பி, எத்தினையாந் திகதி?"

"என்னம்மா?"

"அவனுக்கு என்ன எண்டு முதல் சொல்லு. பிறகு திகதியைச் சொல்லு."

நேயர்களே, சங்கப் பாடல்களில் தலைவி குறிப்பறிவதைப் படிப்பித்த எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஒரு கிழமையாக அண்ணா தொலைபேசியில் நெடுநேரம் பேசவில்லை என்பதையும், நான் என் சேட்டுகளுக்குப் பொத்தான் சரிபார்த்ததையும், மனைவி மிளகாய்த்தூள் கூட இடித்ததையும் அம்மா ஒன்றுசேர்த்துப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சற்று நேரம் குந்தியிருந்தார். பிறகு கலண்டரைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார்.

அதன் பின்னரே என் உண்மையான ஆயத்தம் தொடங்கியது. நான் போகும் நாள், சத்திரசிகிச்சை நாள், திரும்பும் நாள் மூன்றையும் அம்மா சிவப்புப் பேனையால் வட்டமிடுவித்தார். அந்தக் கிழமை மந்திகை ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிளினிக் இருந்தது. "அதுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போட்டு நீ வெளிக்கிடு" என்றார். சத்திரசிகிச்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்ததால், மேலதிகக் காசு கட்டி ஐந்து நாள் பின்தள்ளி ரிக்கற்றை மாற்றினேன். அதுதான் செலவழுங்கல் என்பது அன்றிரவு கட்டிலிற் படுத்தபோதே எனக்குப் புரிந்தது. அவர் என்னை மறிக்கவில்லை. போவதற்குமுன் தம்முடைய இடத்தில் தம்மை நிலைநிறுத்திவிட்டுப் போகும்படியே கேட்டார்.

மூன்றாவதாக ஓர் உறையையும் ஆயத்தம் செய்தேன். அது வீட்டில் இருப்பவர்களுக்கு உரியது. அம்மாவின் கிளினிக் கொப்பி, குளிசைகள் எப்போது முடியும் என்ற குறிப்பு, மின்சாரப் பட்டியல், வங்கிப் புத்தகம், இரவில் கூப்பிட்டாலும் வரக்கூடிய ஓட்டோக்காரரின் எண், விமானம் ஏறி இறங்கும் நேரங்கள் ஆகியவற்றை அதில் இட்டேன். நேரங்களை எங்கள் ஊர் நேரத்திலேயே எழுதினேன். கோடை காலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. "அங்கை விடிய ஆறு மணி எண்டால் இஞ்சை பின்னேரம் மூண்டரை அம்மா" என்று சொல்லிக்கொடுத்தேன். பின்னேரம் மூன்றரைக்கு முன் தொலைபேசி வரவில்லையென்று பயப்படத் தேவையில்லை என்பதை அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

பெட்டி நிறுக்கும் வேலை கடைசியாக வந்தது. அம்மா கொண்டுவந்து குவித்த புழுக்கொடியல், ஒடியல் மா, பனங்கட்டி, மோர்மிளகாய் எல்லாம் சேர்ந்து இருபத்துமூன்று கிலோவைத் தாண்டிவிட்டன. அண்ணாவுக்கென்று நான் வாங்கிய புத்தகங்களில் நாலை வெளியே எடுத்தேனேயன்றிப் புழுக்கொடியலில் கைவைக்கவில்லை. கொண்டுபோகும் உணவுப் பொருள்களை அந்நாட்டுச் சுங்கத்தாருக்கு மறைக்காமற் சொல்லவேண்டும் என்பதால் அவற்றின் பட்டியலையும் எழுதிக்கொண்டேன்.

போகும் முதல்நாள் அம்மா என்னோடு வந்து அயலில் ஏழு வீடுகளுக்குப் பயணம் சொல்லினார். நான் சொல்லுமுன் அவரே, "மூத்தவனுக்கு ஒப்பிறேசன். இவன் போய் நிண்டிட்டு வரப்போறான்" என்று சொன்னார். முப்பது வருடங்களுக்குமுன் அவருக்குக் கிடைக்காமற்போன வாய்ப்பு அது. மறுநாள் பின்னேரம், நெல்லியடியில் கொழும்பு பஸ் ஏறுமுன், எனக்கு ஒருவாய் சோறு தீத்தினார். "இது அவன்ரை பங்கு" என்று இன்னொரு வாயும் தீத்தினார்.

சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் அண்ணாவிடம் அதைச் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டவர், தாமே தொலைபேசியை எடுத்து அம்மாவோடு பேசினார். அண்ணா சுகமடைந்தார். நானும் கலண்டரில் வட்டமிட்ட நாளிலேயே திரும்பினேன்.

தொல்காப்பியத்தில் கடற் பயணத்துக்குப் பெண்களை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்ற விதி உண்டு. இன்று எங்கள் ஊர்களிலிருந்து பெண்பிள்ளைகள் படிப்புக்கும் திருமணத்துக்கும் தனியாகவே விமானம் ஏறுகிறார்கள். விதி மாறிவிட்டது. வீட்டில் யாரோ ஒருவர் இருந்து எண்ணிக்கொண்டிருப்பது மாறவில்லை. ஆகவே, பயணம் போக இருக்கும் நேயர்களே, கடவுச்சீட்டைப் பாருங்கள், பிரதிகளை எடுங்கள், பெட்டியை நிறுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, இருப்பவருக்கு உங்கள் பயணத்தைச் சொல்லுங்கள். நாளைச் சொல்லுங்கள்; காரணத்தையும் சொல்லுங்கள். அவர் ஐந்து நாள் கேட்டால், இயலுமானால் கொடுத்துவிட்டு வெளிக்கிடுங்கள்.