கூடைப்பந்தும் நம் கூலிக் கணக்கும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேச வேண்டிய மேடையில் பந்து விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். கேட்க வேண்டியதுதான். ஆனால் சங்க அலுவலகத்துக்கு வருகிற தோழர்கள் இப்போது அடிக்கடி ஒரு விஷயத்தைச் சொல்கிறார்கள். "பையன் கூடைப்பந்து நல்லா ஆடுறான் தோழர். கிளப்பில சேர்க்கச் சொல்றாங்க. நமக்குக் கட்டுப்படி ஆகாது." மகளைப் பற்றி இதையே சொல்லும் தாய்மார்களும் உண்டு. கட்டுப்படி ஆகாது என்ற பேச்சு வந்த பிறகு அது கூலிப் பிரச்னைதானே? வாருங்கள், கணக்கைப் போட்டுப் பார்த்து விடுவோம்.

அதற்கு முன்னால் இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் தெரிந்து கொள்வோம். 1891 டிசம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். வெளியே கடுங்குளிர். வாலிபர்களுக்குக் கூரைக்குக் கீழே ஓர் ஆட்டம் வேண்டும். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், கட்டிடத்தைப் பார்த்துக் கொள்ளும் ஊழியரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடைதான் இருக்கிறது என்று அவர் இரண்டு கூடைகளைக் கொண்டு வந்து கொடுத்தார். மாடிக் கைப்பிடியில் அவற்றை ஆணி அடித்து மாட்டினார்கள். தரையிலிருந்து பத்து அடி. இன்றைக்கும் உலகமெங்கும் அதே பத்து அடிதான். தனிப் பந்து கிடையாது, கால்பந்தை எடுத்தே ஆடினார்கள். பந்து கூடைக்குள் விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும்! ஆட்டத்துக்குப் பெயரே அந்த ஊழியர் கொடுத்த கூடையால் வந்தது.

1936ல் பெர்லின் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் முறையான போட்டியாக முதல் முறை சேர்க்கப்பட்டது. எங்கே ஆடினார்கள்? திறந்த வெளியில், மண் தரையில். இறுதி ஆட்டத்தன்று மழை. சேற்றில் பந்து எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8 என்று முடிந்தது. ஒலிம்பிக் இறுதிப் போட்டியே சேற்றில் நடந்த ஆட்டம் இது. நம் நாட்டுக்கும் பணக்காரர் பங்களா வழியாக மட்டும் இது வரவில்லை. 1920ல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பல விளையாட்டுகளைக் கற்றுக் கொடுத்தார்கள்.

அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு இன்று என்ன செலவாகிறது?

ஊருக்கு ஊர் விலை மாறும். ஆகவே ஒரு சுமாரான கணக்காக வைத்துக் கொள்வோம். கிளப் சந்தா மாதம் 800 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 9,600. பூட்ஸ் ஒரு ஜோடி 3,000, அதன் மேல் வரி 540, ஆக 3,540. சிமெண்டுத் தரையில் ஆடினால் அடிப்பாகம் தேய்ந்து போகும், வளரும் பிள்ளையின் காலும் சும்மா இருக்காது. ஆகவே வருஷத்துக்கு இரண்டு ஜோடி, 7,080. உடுப்பு 1,500. வெளியூர்ப் போட்டி நான்கு, பஸ்ஸும் சாப்பாடும் தங்கலும் சேர்த்துப் போட்டிக்கு 1,500 வீதம் 6,000. மொத்தம் 24,180 ரூபாய்.

நூறு நாள் வேலைக்கு 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். வகுத்துப் பாருங்கள். எழுபத்திரண்டு நாள் கூலி ஒரு பிள்ளை பந்தாடுவதற்கே போய்விடுகிறது! நூறு நாளும் முழுதாக வேலை கொடுத்தால் மிச்சம் இருபத்தெட்டு நாள். அதில்தான் அரிசி, மருந்து, வீட்டு வாடகை எல்லாம். இன்னும் முட்டைக் கணக்குச் சேரவில்லை. அந்தி வரை ஓடிக் குதிக்கும் பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு முட்டையாவது வேண்டாமா? முட்டை ஆறு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 4,380. அது இன்னொரு பதின்மூன்று நாள் கூலி. ஆகக் கூடி எண்பத்தைந்து நாள்.

காகிதத்தில் வராத செலவு ஒன்று இருக்கிறது. அது தாய்மார்களுக்குத் தெரியும். பெண் பிள்ளை பயிற்சி முடித்துத் தனியாகத் திரும்ப இருட்டிவிடும். கூடப் போக அம்மா வேண்டும். ஷிப்டை மாற்றிக் கேட்டால் மேஸ்திரி முறைப்பார், களை எடுக்கப் போனால் அரை நாள் கூலி போகும். பையனைச் சேர்ப்போம், பெண் வீட்டில் இருக்கட்டும் என்று பல வீடுகளில் முடிவாவது இந்த இடத்தில்தான்.

வெறுங்காலோடு ஆடக் கூடாதா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. இந்த ஆட்டத்தில் நொடிக்கு நொடி குதிக்க வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும். வழுக்கும் செருப்போ தேய்ந்த கான்வாஸோ போட்டால் கணுக்கால் பிசகும். பிறகு பூட்ஸ் விலையை வைத்தியருக்குக் கொடுக்க வேண்டி வரும். ஆகவே பூட்ஸ் ஆடம்பரம் ஆகாது. சர்க்காரின் வரி மட்டும் அதை ஆடம்பரம் போலப் பார்க்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நல்லது, வரவேற்போம். காலணியில் 2,500 ரூபாய் வரை 5 சதவிகிதம், அதற்கு மேலே போனால் 18. பந்துக்கு ஒரு நியாயம், பந்தைத் தொட ஓடும் காலுக்கு வேறொரு நியாயமா?

ஆட்டம் பிறந்த நாட்டிலும் நிலைமை இதுதான். ஆஸ்பென் என்ற ஆய்வு நிலையம் எடுத்த கணக்குப்படி, 2024ல் அங்கே விளையாடும் பிள்ளை உள்ள குடும்பம் அந்தப் பிள்ளையின் முக்கிய விளையாட்டு ஒன்றுக்கு மட்டும் சராசரி 1,016 டாலர் செலவழித்தது. 2019ஐவிட 46 சதவிகிதம் அதிகம். உழைப்பவன் வீட்டில் அதே காலத்தில் கூலி அந்த அளவு ஏறியதா என்று அங்குள்ள தொழிலாளியைத்தான் கேட்க வேண்டும்.

இதற்காகக் கிளப் செயலாளர் மேலே பாய வேண்டாம். ஊர்க் கிளப்புகளில் பலவும் பழைய ஆட்டக்காரர்கள் கைக்காசு போட்டு நடத்துகிறவை. விளக்குக்கு மின்கட்டணம், நடுவருக்குப் படி, கிழிந்த வலை, பிளந்த பலகை, எல்லாம் அந்தச் சந்தாவிலிருந்துதான். நம் கேள்வி வேறு. பொதுப் பணத்தில் செய்ய வேண்டிய காரியத்தைப் பிள்ளையின் தகப்பன் தலையில் ஏன் கட்டுகிறார்கள்? சர்க்கார் விளையாட்டு விடுதி இருக்கிறதே, இலவசச் சாப்பாடு உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அங்கே சேரத் தேர்வில் ஆடிக் காட்ட வேண்டும். ஆடிப் பழக இடமில்லாத பிள்ளை எதைக் காட்டும்?

நம் கையில் ஆகக் கூடியதும் இருக்கிறது. மூன்றுக்கு மூன்று என்று ஓர் ஆட்டம், 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். ஒரே ஒரு கூடை, பக்கத்துக்கு மூன்று பேர், 15 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். முழு மைதானத்தில் பாதிகூட வேண்டாம். கூடையின் வளையம் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், 16லிருந்து 20 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக் கம்பி. இதை வளைத்துப் பற்றவைக்க நம் ஒர்க்‌ஷாப் தோழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சிறியதாகிப் போன பூட்ஸைப் பரணில் போடாமல் சங்கத்துக்குக் கொடுங்கள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தும்.

கேட்டு வாங்க வேண்டியதும் இருக்கிறது. ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் கொடுக்கும் திட்டம் 2024ல் தொடங்கியது. நம் பஞ்சாயத்துக்கு வந்த பெட்டி எங்கே, சாவி யாரிடம் என்று எல்லோரும் போய்க் கேட்போம். பள்ளி மைதானத்தை மாலையில் திறந்துவிட வேண்டும், விளக்குப் போட வேண்டும். திறந்தால் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும். காலனிப் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடும் வழக்கத்தை அந்த மைதானத்தில் அனுமதிக்க மாட்டோம்.

தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டிய மனு எழுதித் தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளி மைதானத்தில் நாடா பிடித்து அளக்கப் போகிறோம். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நேரே வந்துவிடலாம், டீ சங்கத்தின் செலவு. பெண் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.