இரத்தத்தைப் பார்த்து ஓட்டிசம் சொல்லலாமா?
(தோட்டப் பிள்ளை மடுவத்தில் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



"ஐயா, டவுனுக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதிச்சா, பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடுமாமே?" என்று சிலர் கேட்கிறீங்க. அதற்காகத் தோட்டை அடகு வைக்கவும் யோசிக்கிறீங்க. கொஞ்சம் பொறுங்க. ஓட்டிசத்தை உறுதியாகச் சொல்லும் இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை.

தேடாமல் இல்லை. 1961இல் அமெரிக்காவில் ஷெயின், ஃப்ரீட்மன் என்ற இரண்டு வைத்தியர்கள், ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளின் இரத்தத்தில் செரடோனின் என்ற பொருள் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். ஆனால் ஓட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளிடமும் அது கூடியிருக்கவில்லை. ஓட்டிசம் இல்லாத சிலரிடமும் கூடியிருந்தது. அப்படியானால் அதை வைத்து எப்படி முடிவு சொல்வது? சீனி வருத்தத்தை இரத்தத்தில் பார்க்கிற மாதிரி இதைப் பார்க்க முடியாது. காரணம், ஓட்டிசம் ஒன்றால் மட்டும் வருவதல்ல. நூற்றுக்கணக்கான மரபணுக்களுக்கு இதில் பங்கு உண்டு. மூளை வளரும் விதத்திலுள்ள வித்தியாசம், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

ஆகவே, "தாய் கொழுந்து பறிக்கப் போனாள், பிள்ளையை மடுவத்தில் விட்டாள், அதனால்தான் இப்படி" என்று லயத்தில் யாரும் பேச வேண்டாம். 1977இல் பிரித்தானியாவில் 21 சோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் 4 சோடியில் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. மற்ற 10 சோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இது வளர்ப்பின் குற்றமல்ல. தடுப்பூசியாலும் வருவதல்ல. அப்படிச் சந்தேகம் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றது.

அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிள்ளையின் நடத்தையைப் பார்த்துத்தான். ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லையா? வந்த பேச்சு நின்றுபோச்சா? கிளினிக் கொப்பியோடு மருத்துவ மாதுவிடம் போங்க. "ஆம்பிளைப் பிள்ளை, மெதுவாப் பேசும்" என்று இருந்துவிடாதீங்க. முதலில் காது கேட்குதா என்று பார்ப்பார்கள். வைத்தியர் இரத்தம் எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். அது கூடவே வேறு குறை இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. சீக்கிரம் தொடங்கும் பேச்சுப் பயிற்சி பிள்ளைக்கு நிச்சயம் உதவும். அடகு வைக்க நினைத்த தோடு உங்கள் காதிலேயே இருக்கட்டும். நாட்களை மட்டும் வீணாக்காதீங்க.