பாலிகஞ்ச் சாக்கடையும் ராணிகஞ்ச் மண்ணும்



கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில் பழைய கழிவுநீர் இறைப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வந்து சேரும் சாக்கடை நீரை இறைத்துக் கால்வாய் வழியாகக் கிழக்கே விடுகிறார்கள். கிழக்கே இருப்பவை, வங்காளிகள் ‘பேரி’ என்று அழைக்கும் ஆழமில்லாத மீன் குளங்கள். வெயிலும் பாசியும் சேர்ந்து அழுக்கு நீரைத் தெளிய வைக்க, அதிலேயே ரோகுவும் கட்லாவும் வளர்கின்றன. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஈரநிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002இல் இடம்பெற்றது. இதன் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர்.

நீருக்கு வழி பிறந்துவிட்டது. அடியில் தங்கும் கசடை என்ன செய்வது?

தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த பொருள் அது. ஆனாலும் அப்படியே வயலில் கொட்டக் கூடாது. குடற்புழு முட்டைகளும் நோய்க்கிருமிகளும் உயிரோடு இருக்கும். தனியாகக் குவித்தால் களிபோல் இறுகி நாறும். வைக்கோலோ சருகோ மரத்தூளோ கலந்தால்தான் காற்றுப் புகும். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு அமைந்துவிட்டால், நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிக் குவியல் தானாகவே சூடேறும். அந்தச் சூடு 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் பல நாள் நிற்க வேண்டும். ஓரத்தில் கிடப்பது நடுவுக்குப் போகும்படி அடிக்கடி புரட்டிவிடவும் வேண்டும். வங்காளத்தில் ஆகாயத்தாமரைக்குப் பஞ்சமில்லை. அதை உலர்த்தியும் சேர்க்கலாம். நம் நாட்டுக்கு இது புதிதும் அல்ல. மலக்கழிவையும் நகரக் குப்பையையும் அடுக்கடுக்காக மக்க வைக்கும் பெங்களூரு முறையை சி. என். ஆச்சார்யா 1939இலேயே வகுத்துக் கொடுத்தார்.

ஒரு கவலை மிச்சமிருக்கிறது. சூடு கிருமியைக் கொல்லும். குரோமியத்தையும் ஈயத்தையும் ஒன்றும் செய்யாது. கொல்கத்தாவின் தோல் பதனிடும் ஆலைகளை வேறிடம் மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1996இல் உத்தரவிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகளை அறிந்த நமக்கு அதன் காரணத்தை விளக்கவே வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன்: ஒவ்வொரு குவியலையும் சோதித்த பிறகே மண்ணில் இட வேண்டும். கீரைப் பாத்திக்கு வேண்டாம். வங்காளத்தின் ராணிகஞ்ச் போன்ற இடங்களில் நிலக்கரி தோண்டிப் பாழாய்ப்போன நிலத்தில் புல்லும் மரமும் வளர்க்க முதலில் இடலாம்.

நேயர்களே, பேட்டரி அமிலம், சாயநீர், பட்டறை எண்ணெய் எதையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அந்தக் கசடு நாளைக்கு எருவாக வேண்டியது.