வீட்டுச் சலவைத் தூளும் ஊர்த் தண்ணீரும்

(ஊரக வளர்ச்சி அலுவலர் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தொழில் தேடும்போது, கட்டிச் சோப்பிலிருந்து சலவைத் தூள் செய்யும் பயிற்சி எளிதில் நம் நினைவுக்கு வருகிறது. துருவிய சோப்பு ஒரு பங்கு, சோடாச் சாம்பல் ஒன்று முதல் இரண்டு பங்கு. சோப்புத் துருவலை நன்கு உலர்த்திக் கலந்தால் தூள் ஆயத்தமாகிவிடும். இயந்திரம் தேவையில்லை. ஆனால், இத்தூளின் வெற்றியை முடிவு செய்வது ஊரின் தண்ணீரே ஆகும்.

இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1959-இல் அறிமுகம் செய்த சர்ஃப், 1969-இல் அகமதாபாதில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா ஆகியவை செயற்கைச் சலவைத் தூள்கள். அவை கடின நீரிலும் ஓரளவு வேலை செய்யும். நாம் துருவிச் செய்வதோ சோப்புத் தூள். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் சேர்ந்து கரையாத திரியாகி, துணியில் சாம்பல் நிறமாகப் படியும்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள 20 லிட்டர் நீரில், அழுக்கைத் தொடுமுன்பே ஏறத்தாழ 37 கிராம் சோப்பு வீணாகிறது. இதே நீரை மென்மையாக்க 6 முதல் 7 கிராம் சோடாச் சாம்பல் கணக்களவில் போதும். நடைமுறையில் சற்றுக் கூட்ட வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, மாற்று நீர்வழி இல்லாதவிடத்து 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அந்நீரில் இழப்பு இருமடங்காகும். எனவே சோடாவை முதலில் நீரில் கரைத்துச் சிறிது நேரம் விட்டு, பிறகு சோப்பைச் சேர்ப்பதே சிக்கனம். சோடா விலை மலிவு. சோப்பே செலவு மிக்கது.

கடையில் வாங்கும்போதும் கவனம் வேண்டும். சலவைச் சோடாப் படிகத்தின் எடையில் சுமார் 63 விழுக்காடு நீரே. நீரற்ற சோடாச் சாம்பலின் விலையோடு ஒப்பிடும்போது இதைக் கழித்தே பார்க்க வேண்டும்.

இனி, பொருளாதாரக் கேள்விக்கு வருவோம். கட்டிச் சோப்பு ஏற்கெனவே முடிவுற்ற சரக்கு. அதன் விலையில் ஆலையின் ஆதாயமும் வணிகர் தரகும் வரியும் அடங்கியுள்ளன. அதைத் துருவி விற்பதால் கூடும் மதிப்பு சொற்பம். குடும்பத்துக்கு இது சிக்கனம். ஆனால், கடன் பெற்று நடத்தும் தொழிலாக இது நிலைப்பது அரிது. 1957-இல் அமைந்த கதர் கிராமத் தொழில்கள் ஆணையம் வேம்பு, புங்கம், இலுப்பை போன்ற உணவுக்குதவா எண்ணெய்களில் சோப்புத் தயாரிப்பை ஊக்குவித்தது இக்கருத்துடன்தான்: விதை பொறுக்குவோர் முதல் விற்போர் வரை கூலி ஊரிலேயே தங்கும். ஆயினும் அதற்குக் காஸ்டிக் சோடா தேவை; அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்; முறையான பயிற்சியின்றி அதில் இறங்கலாகாது.

ஆகவே, பயிற்சிக்குமுன் மூன்று செயல்களை வேண்டுகிறேன். முதலாவது, ஊர் நீரைப் புட்டியில் எடுத்துச் சிறிது சோப்பிட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரையின்றித் திரிந்தால் கடின நீர். இரண்டாவது, உறுப்பினர் கூலியையும் சேர்த்து அடக்கவிலை போடுங்கள். மூன்றாவது, உறையில் 'சோப்புத் தூள்' என்றே எழுதச் செய்யுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது என்பதையும் குறிப்பிடுங்கள்.

இம்மூன்றையும் செய்த பின்னரே கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுவது நலம். தூள் விற்காவிட்டால் தவணையைக் கட்ட வேண்டியவர்கள் அப்பெண்களே அல்லவா?