நியூரோ எண்டோகிரைன் கட்டிகள்

நரம்பின் கட்டளையை ஏற்று இரத்தத்தில் ஹார்மோனைக் கலக்கும் செல்கள் உடலெங்கும் சிதறிக் கிடக்கின்றன. குடல், கணையம், நுரையீரல் ஆகியவற்றில் இவை மிகுதி. இந்தச் செல்களில் உண்டாவதே நியூரோ எண்டோகிரைன் கட்டி. 1907-ல் இதைத் தனி நோயாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஓபர்ன்டார்ஃபர், இது பரவாத கட்டி என்றே எண்ணினார். பரவவும் கூடும் என்று 1929-ல் அவரே எழுதினார். இந்தியாவில் பலரும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டது 2018 மார்ச்சில், நடிகர் இர்ஃபான் கான் தமக்கு இந்நோய் இருப்பதாக அறிவித்தபோதுதான். 2020 ஏப்ரல் 29 அன்று அவர் காலமானார்.

ஆனால் எல்லாருக்கும் நோயின் போக்கு ஒன்றல்ல. கட்டியிலிருந்து எடுத்த திசுவில், நூற்றுக்கு எத்தனை செல்கள் பெருகும் நிலையில் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பார்கள். 3-க்குக் கீழ் என்றால் முதல் தரம்; 3 முதல் 20 வரை இரண்டாம் தரம்; அதற்கு மேல் மூன்றாம் தரம். முதல் தரக் கட்டியோடு பல ஆண்டுகள் நன்றாக வாழ்பவர்கள் உண்டு.

பெரும்பாலான கட்டிகள் ஹார்மோன் சார்ந்த அறிகுறி எதையும் காட்டுவதில்லை. சில, ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். குடல் கட்டி கல்லீரலுக்குப் பரவி செரோடோனின் மிகும்போது முகமும் கழுத்தும் திடீரெனச் சிவந்து சூடேறும், அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும், மூச்சு இழுக்கும். கருத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது, சூடு மட்டுமே தெரியலாம். கணையக் கட்டி இன்சுலினைச் சுரந்தால் வெறும் வயிற்றில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். இனிப்பு தின்றதும் தெளியும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் அகத்தியர் மலை அடிவாரத்துப் போனக்காடு போன்ற தேயிலைத் தோட்டங்களில், விடியற்காலையில் பாலில்லாத கட்டஞ்சாயா மட்டும் குடித்துவிட்டு வேலைக்கு இறங்கும் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், பசி மயக்கம் என்றே நினைக்கத் தோன்றும். நோய் ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். அறிகுறி திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

செரோடோனின் மிகுதியை அறிய 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பார்கள். அதற்கு முந்தைய சில நாட்களில் நேந்திரம்பழம், அன்னாசி, தக்காளி சாப்பிடக் கூடாது. அவற்றாலும் அளவு கூடிக் காட்டும். கட்டி எங்கெங்கே உள்ளது என்பதை சி.டி. ஸ்கேனும், காலியம்-68 செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனும் காட்டும். திசுப் பரிசோதனைதான் முடிவைச் சொல்லும்.

பரவாத கட்டியை அறுவை சிகிச்சையில் முழுவதும் அகற்றிக் குணப்படுத்த முடியும். பரவியிருந்தால் ஆக்ட்ரியோடைடு அல்லது லான்ரியோடைடு ஊசியை மாதம் ஒருமுறை போடுவார்கள்; அது ஹார்மோனை அடக்கி வளர்ச்சியையும் மட்டுப்படுத்தும். லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க ஐசோடோப்பு சேர்ந்த மருந்து கட்டியின் செல்களைத் தேடி ஒட்டிக்கொண்டு உள்ளிருந்தே அழிக்கும். இந்த ஐசோடோப்பை மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் தயாரிக்கிறது. வேகமாகப் பெருகும் வகைக்குக் கீமோதெரபி தேவைப்படும்.

போனக்காட்டு மக்கள் முதலில் விதுரை அரசு மருத்துவமனையில் காட்டலாம். சந்தேகம் இருந்தால், 1981-ல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் மாவட்டத்திலேயே உள்ளது. பழைய ஸ்கேன், திசு அறிக்கை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும். கட்டியை அகற்றிய பிறகும், மருத்துவர் குறித்துத் தரும் நாளில் தவறாமல் போய்ப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். பல ஆண்டுகள் கழித்தும் இந்நோய் திரும்பக்கூடும்.