சூயஸ் கால்வாயும் 1888-ஆம் ஆண்டு உடன்படிக்கையும்

மீஞ்சூரிலிருந்து கிழக்கே காட்டுப்பள்ளிக் கடற்கரைக்குச் செல்வோர் வழியில் பக்கிங்காம் கால்வாயைக் கடந்தே செல்லவேண்டும். அவ்வூர் மாணவர் ஒருவர் என்னிடம் ஒருமுறை வினவினார்: "ஐயா, இந்தக் கால்வாய்க்கு உடன்படிக்கை ஏதும் இல்லையே, சூயஸுக்கு மட்டும் அது எதற்கு?"

நல்ல கேள்வி. பக்கிங்காம் கால்வாய் ஓர் அரசின் ஆட்சிக்குள்ளேயே ஓடியது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளே அதில் சென்றன. சூயஸோ இரு கடல்களை இணைப்பது. 1869 நவம்பர் 17 அன்று அது திறக்கப்பட்டதும், லண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையிலான கடல்வழி நாலாயிரம் மைலுக்கு மேல் சுருங்கிற்று. நிலம் எகிப்தினுடையது, அதன் வழியே செல்ல விரும்பியதோ உலகம் முழுவதும். 1882-இல் பிரிட்டிஷ் படை எகிப்தில் புகுந்து தங்கிவிடவே, மற்ற வல்லரசுகள் அச்சங்கொண்டன. அந்த அச்சத்தின் விளைவே 1888 அக்டோபர் 29 அன்று கான்ஸ்டான்டிநோபிளில் ஒன்பது அரசுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கை.

போரிலும் அமைதியிலும், வணிகக் கப்பலாயினும் போர்க்கப்பலாயினும், கொடி வேறுபாடின்றி எல்லோருக்கும் கால்வாய் திறந்திருக்கும் என்பது அதன் முதல் விதி. கால்வாயிலும், அதன் துறைமுகங்களைச் சுற்றி மூன்று கடல் மைல் வரையிலும் எவரும் போர்புரியலாகாது என்பது மற்றொன்று. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். நடுநிலை என்றவுடன் போர்க்கப்பல்களுக்கு வழி அடைக்கப்பட்டிருக்கும் என நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. 1935-இல் அபிசீனியாவின் மீது படையெடுத்த இத்தாலியின் துருப்புக் கப்பல்கள் இக்கால்வாய் வழியாகவே சென்றன. சர்வதேசச் சங்கம் இத்தாலியைக் குற்றவாளி எனத் தீர்மானித்த பின்னரும் கால்வாய் மூடப்படவில்லை. நடுநிலை நீதியாகிவிடாது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று எனக்குத் தெரியவில்லை.

உடன்படிக்கையில் ஒரு சந்தும் இருந்தது. எகிப்தின் பாதுகாப்புக்கு இன்றியமையாத நடவடிக்கைகளை அதன் ஆட்சியாளர் மேற்கொள்ளலாம் என்றது பத்தாவது விதி. கரையில் படை வைத்திருந்தவர்க்கு அது போதுமானதாயிற்று. இரு உலகப் போர்களிலும் பிரிட்டன் தன் பகைவரின் கப்பல்களுக்கு வழிவிடவில்லை. பின்னர் எகிப்து, தற்காப்பையே காரணம் காட்டி, இஸ்ரேலியக் கப்பல்களைத் தடுத்தது. தடையை நீக்குமாறு 1951-இல் பாதுகாப்புச் சபை கேட்டும் பயனில்லை.

1956 ஜூலை 26 அன்று அதிபர் நாசர் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். ஆகஸ்டில் லண்டனில் இருபத்திரண்டு நாடுகள் கூடின. கால்வாயைச் சர்வதேச வாரியத்தினிடம் ஒப்படைக்கவேண்டும் என்றனர் பலர். நம் நாட்டின் சார்பில் சென்ற வி. கே. கிருஷ்ண மேனன் வேறொரு திட்டத்தை வைத்தார்: உரிமை எகிப்துக்கே, 1888-ஆம் ஆண்டு உடன்படிக்கை தொடரட்டும், பயன்படுத்துவோர்க்கு ஆலோசனைக் குழு ஒன்று அமையட்டும். சோவியத் நாடும் இந்தோனீசியாவும் இலங்கையும் மட்டுமே அதனை ஆதரித்தன. உடைமை வேறு, வழியுரிமை வேறு என்ற அந்தப் பகுப்பு, என் கருத்தில், உடன்படிக்கையின் உட்பொருளுக்கே மிக நெருங்கியது.

அறிவுரை கேட்கப்படவில்லை. உடன்படிக்கை கையொப்பமான அதே அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் தாக்கிற்று; பிரிட்டனும் பிரான்சும் தொடர்ந்தன. எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. திறந்து வைக்கவே தொடுத்ததாகச் சொல்லப்பட்ட போர் அதனை மூடியது! படைகள் விலகிய பின், 1957 ஏப்ரல் 24 அன்று, அந்தப் பழைய உடன்படிக்கையையே மதித்து நடப்பதாக எகிப்து அறிவித்தது. 1967 போரில் மீண்டும் மூடப்பட்ட கால்வாய் 1975 ஜூன் 5 வரை திறக்கவில்லை. இஸ்ரேலியக் கப்பல்களின் வழியுரிமை 1979-ஆம் ஆண்டு சமாதான உடன்படிக்கையில் எழுத்தில் ஏறியது.

அம்மாணவருக்கு ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. 2023-இன் இறுதியில் ஏமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். கால்வாய் திறந்தேயிருந்தது, உடன்படிக்கையும் மீறப்படவில்லை. ஆனால் அதன் மூன்று மைல் காவல், ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள பாபெல் மாந்தெப் நீரிணையை எட்டவில்லை. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஓடும் சரக்குக் கப்பல்கள் பல, 1869-க்கு முன் சென்றவாறே, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சென்றன.